உள்ளேயே இருங்க, ஹார்ம்ஸ் சார்

டொம்மா ரீன்ட்ஸிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மை வேண்டும் என்று வருவார்கள். மீதிப் பேர் கையில் ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்கு உண்மை என்று முத்திரை குத்திக் கொடுத்தால் போதும் அவர்களுக்கு. முனைவர் கெஸீனே ஆல்ரிக்ஸ் இரண்டாவது ரகம் என்பது அவர் காபி ஊற்றியபோதே தெரிந்துவிட்டது. துப்பறிகிற டொம்மாவுக்குக் கோப்பை நிறைய. கூட வந்த உதவியாளர் ஹாயோவுக்குப் பாதி.

பிரெமர்ஹாஃபென் மீன் துறைமுகத்தை ஒட்டிய மீன் தொழிற்சாலையில் ஆல்ரிக்ஸ்தான் ஹெச்.ஆர். தலைவர். ஆளை எடுப்பது, அனுப்புவது, ஒருவர் மேல் ஒருவர் கொடுக்கும் புகாரைக் கேட்பது, மீன் வெட்டும் கூடத்தில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் நிதானமாக விஷயத்தைச் சொன்னார்.

போன வாரம், பகல் ஷிப்ட் முடிகிற நேரம். கூடத்து மேற்பார்வையாளர் டெட்லெஃப் ஹார்ம்ஸ் மீனை உறையவைக்கும் உறைகிடங்குக்குள் சரக்கைப் பார்க்கப் போயிருக்கிறார். கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஷிப்ட் பெண்கள் வந்து திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் விரல்கள் உறைந்து கறுத்துவிட்டன. இடது கையில் இரண்டுதான் மிஞ்சும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

வெளியிலிருந்து கதவை அடைத்தது மார்லீஸ் ஒடமெட்டே என்கிறார்கள். மீனின் தரத்தைச் சோதிக்கும் பெண்மணி, ஐம்பதைத் தொடுகிற வயது. இதே ஊரில் பிறந்தவர். அம்மா படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவர்; அப்பா கானாவிலிருந்து வந்த கப்பல்காரர். நிறம் அப்பாவைக் கொண்டது. சம்பவ நேரத்தில் மாதிரி சோதிக்கும் அறையில் தனியாக இருந்ததாக மார்லீஸ் சொல்கிறார். பார்த்த சாட்சி இல்லை. திங்கட்கிழமை போலீஸ் அவரை நீதிபதி முன் நிறுத்தப்போகிறது. கொலை முயற்சி.

"அவங்க பண்ணினதுக்கு என்ன ஆதாரம்?" என்று டொம்மா கேட்டார்.

"குரல்," என்றார் ஆல்ரிக்ஸ். "வெளிய நின்னு, 'இப்போ தெரியுதா? உள்ளேயே இருங்க, ஹார்ம்ஸ் சார்'னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் ஹார்ம்ஸே சொன்னது. பக்கத்துல நான்தான் உட்கார்ந்திருந்தேன்."

காரணமும் தயாராக இருந்தது. கோடையில் மார்லீஸ் ஹெச்.ஆரில் ஒரு புகார் கொடுத்திருந்தார். அந்தக் கூடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் நீங்கள் என்றுதான் அழைப்பார்கள். மார்லீஸை மட்டும் எல்லாரும் நீ, வா, போ. மேற்பார்வை வேலைக்கு விண்ணப்பித்தபோதெல்லாம், கூட்டத்தோடு ஒத்துப்போகாதவள் என்று ஹார்ம்ஸ் தட்டிக் கழித்தார். இதுதான் புகார். ஆல்ரிக்ஸ் மார்லீஸைக் கூப்பிட்டு, நீ என்பது பாசம்தானே, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, புகாரை அத்தோடு முடித்துவிட்டார். முடிந்துவிட்டது என்று அவர்தான் நினைத்திருக்கிறார். அந்த அம்மாள் வன்மம் வைத்திருந்திருக்கிறார் என்பது ஆல்ரிக்ஸின் கட்சி. இனி வெளியாள் ஒருவர் விசாரித்து அறிக்கை கொடுத்தால், வேலைநீக்கத்தை எந்தக் கோர்ட்டும் அசைக்க முடியாது.

படியிறங்கும்போது ஹாயோ தன் பெரிய உடம்பை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டார். டொம்மாவோடு சேர்வதற்கு முன்பு பஸ் ஓட்டியவர். இத்தனை வருடம் சேர்ந்து வேலை செய்தும் இருவருக்கும் நடுவே இன்னும் நீங்கதான். இங்கே நீ என்பதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது; மூத்தவர் கையை நீட்டி, பேரைச் சொல்லி, இனி நீ என்றே கூப்பிடலாம் என்று கொடுக்க வேண்டும். டொம்மா கொடுக்கவில்லை. ஹாயோ கேட்கவுமில்லை.

"நம்மளை எதுக்கு மேடம் கூப்பிட்டாங்க?" என்றார் ஹாயோ. "தூக்குக் கயிறு ரெடி. முடிச்சு அழகா இருக்கான்னு பார்த்துச் சொல்லவா?"

"முதல்ல கதவைப் பாருங்க," என்றார் டொம்மா.

உறைகிடங்கின் கதவு ஒரு ஆள் உயரத்துக்கு மேல், கனமானது. திறந்து விட்டால் தானாகவே சாய்ந்து மூடிக்கொள்ளும். அடைக்க யாரும் வேண்டியதே இல்லை என்பது டொம்மாவின் மனதில் முதலில் விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வர, உள்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குமிழ். அமுக்கித் திருகினால் கதவு திறந்துவிடும். சுவரில் ஒரு அபாய மணிப் பொத்தானும் இருந்தது. அமுக்கினால் எங்கே அடிக்கும் என்று டொம்மா காவலாளியிடம் கேட்டார். மேற்பார்வையாளரின் அறையில் என்றார் அவர். அதாவது உள்ளே கிடந்தவரின் ஆளில்லாத அறையில்.

சுவரெல்லாம் பனி படிந்து கிடந்தது. கீல் துருப்பிடித்து, ரப்பர் பட்டை வெடித்து, பெயின்ட் உரிந்து இருந்தது. குமிழ் மட்டும் பளபளத்தது.

"தொண்ணூறு வயசுக் கிழவர் வாயில ஒரே ஒரு புதுப் பல்லு," என்றார் ஹாயோ.

டொம்மா அமுக்கினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வேலை செய்தது. எப்போது மாட்டியது என்று கேட்டதற்குக் காவலாளி தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். அசம்பாவிதம் நடந்த மறுநாள் காலையில் என்று கடைசியில் சொன்னார். போலீஸ் எப்போது வந்தது? அதே மறுநாள் பிற்பகல். மாட்டச் சொன்னது யார் என்பதற்கு வாயால் பதில் வரவில்லை. டொம்மாவும் ஹாயோவும் இறங்கிவந்த மாடியைத்தான் அவர் கண் காட்டியது.

கூடத்து ஆட்கள் சாப்பிடப் போகும் மீன்ரொட்டிக் கடைக்கு ஹாயோ மட்டும் போனார். டொம்மா போனால் வாயை மூடிக்கொள்வார்கள்; ஹாயோவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. வெங்காய வாசம் வீச அவர் திரும்பி வந்து காரில் ஏறினார். அவர் கொண்டுவந்த செய்தி அரைகுறையாக இருந்தது. கோடைக்கு அப்புறம் மார்லீஸுக்குத் திமிர் ஏறிவிட்டதாம். ஹார்ம்ஸிடம் அவர் பேசுகிற விதத்தைக் கேட்டு ஒருநாள் வெட்டுக்கத்திகள் எல்லாம் நின்றுவிட்டனவாம். எந்த விதத்தில் பேசினார் என்று கேட்டால் ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை. கெட்ட வார்த்தை இல்லை என்றார்கள், ஆனால் ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லக் கூசுகிற மாதிரியே முழித்தார்கள்.

"ஒரு பெரியவர் மட்டும், 'மேல கீழன்னு ஒண்ணு இருக்கில்ல சார்'னார்," என்றார் ஹாயோ. "மீன் வெட்டற இடத்துல மேலயாவது கீழயாவது. எல்லார் தலையிலயும் செதில்தான் இருக்கு."

மார்லீஸ் லேஹே பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தும், வெள்ளை வேலைக்கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் எதுவும் பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதால் தேநீர் தரலாம், பதில் தர முடியாது என்றார். யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆல்ரிக்ஸுக்காக என்று டொம்மா மறைக்காமல் சொன்னார்.

மார்லீஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்போ நீங்களும் சிரிங்க. அந்தம்மா சிரிச்சாங்க."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பக்கத்துல நிக்கிற பொம்பளைக்குக் குடுக்கிறதை எனக்கும் குடுங்கன்னேன். எனக்குப் பின்னாடி நேத்து வேலைக்கு வந்த பொண்ணுக்கும் நீங்கதான். இருபது வருஷமா நிக்கிற எனக்கு, ஏய் நீ அந்தப் பெட்டியைத் தள்ளு." அவர் மறுபடி கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். "அவங்க ஒண்ணும் பண்ணல. கூடத்துக்கு வந்து ஒரு ஆளைக்கூடக் கேக்கல. சரின்னு நானே ஒரு வழி பண்ணிக்கிட்டேன்."

என்ன வழி என்று டொம்மா கேட்டார். மார்லீஸ் நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் ஞாபகம் வந்துவிட்டது போல. அதற்குமேல் நீராவிதான் பேசியது.

வெளியே வந்ததும் ஹாயோ கேட்டார். "அந்த வழிதான் கதவா இருந்தா?"

அந்தக் கேள்வி டொம்மாவுக்கும் இருந்தது. அவசரமாக மாற்றிய குமிழ் ஒரு பக்கம், ஒரு மனிதர் காதால் கேட்ட குரல் இன்னொரு பக்கம். பழைய குமிழ் கெட்டிருந்தாலும்கூட அந்தக் குரல் பொய்யாகிவிடாது. கதவு மாட்டிக்கொண்டதைப் பார்த்து, திறக்காமல் நின்று, வெளியிலிருந்து ஒருவர் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருக்கலாம். அதுவும் கொலை முயற்சிதான்.

ஆஸ்பத்திரியில் டெட்லெஃப் ஹார்ம்ஸ் இரண்டு கைகளையும் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கைகள் என்றா சொல்வது, கட்டுப்போட்ட இரண்டு வெள்ளைப் பொதிகள். அறுபதை நெருங்கும் ஆள், கல்லு மாதிரி முகம். மனைவி வந்து ஊட்டிவிட்டுப் போன கஞ்சியின் சுவடு உதட்டோரம் காய்ந்திருந்தது. துடைக்கக் கையில்லை அவருக்கு. டொம்மா கைக்குட்டையால் துடைத்துவிட்டார். ஹார்ம்ஸ் கண்ணை மூடிக்கொண்டார், அவமானம் தாங்காமல்.

வெளியே நின்ற குரல் சொன்னதை ஒருமுறை சொல்லச் சொன்னார் டொம்மா.

"இப்போ தெரியுதா. உள்ளேயே இருங்க, ஹார்ம்ஸ் சார்."

கதவு மூடியதிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொன்னார். அங்கே ஹார்ம்ஸ் தடுமாறினார். முதலில் மணியை அமுக்கினாரா, குமிழைத் திருகினாரா என்று தெரியவில்லை. கத்தினாரா, தெரியவில்லை. விளக்கு எரிந்ததா என்பதே சந்தேகம். பாவம், நினைவெல்லாம் ஓட்டை. குரலை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார் டொம்மா. ஓட்டையே இல்லாமல் வந்தது.

"இப்போ தெரியுதா. உள்ளேயே இருங்க, ஹார்ம்ஸ் சார்."

பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறதே என்று டொம்மா நினைத்தார். அப்போதுதான், போகிற போக்கில் கேட்பதுபோல, அதைக் கேட்டார்.

"ஒடமெட்டே மேடம் எப்பவும் உங்களை 'ஹார்ம்ஸ் சார்'னுதான் கூப்பிடுவாங்களா?"

கல்லு முகத்தில் ரத்தம் ஏறியது.

"சாரா? அவளா? கோடையில இருந்து கூடத்துல அத்தனை பேர் முன்னாடியும் 'டெட்லெஃப், நீ இதைப் பார்த்தியா. டெட்லெஃப், நீ கொஞ்சம் தள்ளு'ங்கிறா. என் பொண்டாட்டியைத் தவிர யாரும் என்னை நீன்னது கிடையாது. நான் எப்போ அவளுக்கு அனுமதி குடுத்தேன்?"

"நீங்க அவங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"அது வேற."

டொம்மாவுக்கு இப்போது புரிந்தது. மார்லீஸ் பண்ணிக்கொண்ட வழி இதுதான். தன்னை நீ என்றவரைத் தானும் நீ என்பது. அவ்வளவுதான். அதைச் சொல்லிக்காட்டத்தான் கடையில் யாருக்கும் நாக்கு வரவில்லை.

"ஒரு தடவையாவது மறந்துபோய் நீங்கன்னு சொன்னதுண்டா?"

"அவளா மறப்பா. மறக்காம, தேடி வந்து சொல்லுவா."

"அப்போ கதவுக்கு வெளிய வந்ததும் மட்டும் மரியாதை வந்துடுச்சு," என்றார் டொம்மா.

ஜன்னலோரம் நின்ற ஹாயோ மெதுவாகத் திரும்பினார். "கூடத்துல நீ. கொல்ல வந்த இடத்துல நீங்க. ரொம்பப் பண்பான கொலைகாரி சார்."

ஹார்ம்ஸின் உதடுகள் அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தன. இந்த முறை அது மார்லீஸின் குரலில் வரவில்லை என்பதை அவர் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வேறு ஒருவருடைய, படித்த, மென்மையான குரலில் வந்திருக்க வேண்டும்.

"மருந்து மயக்கத்துல இருந்தேன்," என்றார் கடைசியில். "ஆல்ரிக்ஸ் மேடம் கையைத் தடவிக் குடுத்துட்டே இருந்தாங்க. அவதானே வெளிய நின்னது, நல்லா யோசிங்கன்னாங்க. என்ன சொன்னா, இப்படியா சொன்னான்னு அவங்களே கேட்டாங்க... எனக்கு அப்புறம் கேட்ட மாதிரியே இருந்துச்சு. போலீஸ் வந்தப்போ நிஜமாவே கேட்ட மாதிரி இருந்துச்சு."

"குமிழ் சரியில்லைன்னு யார்கிட்ட சொல்லியிருந்தீங்க?"

அது டொம்மா குருட்டாம்போக்கில் எறிந்த கல். ஹார்ம்ஸ் தன் வெள்ளைப் பொதிகளைப் பார்த்துக்கொண்டே, அவங்ககிட்டதான் என்றார். பனி ஏறி இறுகிவிட்டது என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லியிருக்கிறார், அப்புறமும் ஞாபகப்படுத்தியிருக்கிறார். கிறிஸ்துமஸ் சரக்கு போகட்டும், அதுவரை கிடங்கை நிறுத்த முடியாது என்று பதில் வந்திருக்கிறது. அன்றைக்குக் கையுறையோடு பிடி கிடைக்கவில்லை. கழற்றிவிட்டுத்தான் திருகியிருக்கிறார். தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது.

வராந்தாவில் யாரோ பாத்திர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவ பண்ணினான்னா, எனக்கு ஒரு எதிரி இருக்கா," என்றார் ஹார்ம்ஸ். குரல் உடைந்திருந்தது. "அவளை நினைச்சுத் திட்டிக்கிட்டே படுத்திருப்பேன். ஒரு குமிழ்தான் பண்ணுச்சுன்னா நான் யாரைத் திட்டறது?"

திங்கட்கிழமை ஒரு பெண் நீதிபதி முன்னால் நிற்கப்போகிறார் என்று மட்டும் டொம்மா சொன்னார். ஹார்ம்ஸ் மேசை மேலிருந்த போனைத் தாடையால் காட்டினார். டொம்மா இன்ஸ்பெக்டர் வெஸ்ஸெல்ஸின் எண்ணை அழுத்தி, போனை அவர் காதோடு பிடித்துக்கொண்டார்.

"ஹார்ம்ஸ் பேசறேன். வெளிய யாரும் இல்ல. குரலும் இல்ல. கதவு திறக்கல, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ பண்ணல."

கடைசி வரைக்கும் அவதான், அவங்க இல்லை. டொம்மா போனைக் கீழே வைத்தார்.

வராந்தாவுக்கு வந்து ஆல்ரிக்ஸைக் கூப்பிட்டார். வேலை கொடுத்தவரிடமும் சொல்லியாக வேண்டும் என்பது அவர் வழக்கம். ஹார்ம்ஸ் போலீஸிடம் சொன்னதைச் சொன்னார். தான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, மயக்கத்தில் இருந்தவருக்கு ஞாபகப்படுத்த மட்டுமே செய்ததாக ஆல்ரிக்ஸ் சொன்னார். குரலில் பதற்றம் இல்லை. ஒருவேளை அதைத் தானும் நம்ப ஆரம்பித்திருந்தாரோ என்னவோ.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று அவரே கேட்டார்.

"ஹார்ம்ஸை யாரும் நீன்னு கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்ல மேடம்," என்றார் டொம்மா. "புகார் வந்த அன்னிக்குக் கூடத்துக்குப் போய் ஒரே ஒரு ஆளை விசாரிச்சிருந்தா, அதுக்கப்புறம் அங்க என்ன நடக்குதுன்னு உங்க காதுக்கும் வந்திருக்கும். அந்த வாக்கியத்தை 'நீ'ன்னே போட்டுச் சரியாச் செஞ்சிருப்பீங்க. எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

போன் வைக்கப்பட்டது. "இனிமே நமக்கு யார் காபி தருவாங்க?" என்றார் ஹாயோ. சொன்னவரே சிரிக்கவில்லை.

அவர்கள் லேஹே போய்ச் சேர்ந்தபோது வெஸ்ஸெல்ஸ் ஏற்கெனவே மார்லீஸிடம் பேசியிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. சமையலறை நாற்காலியில் மார்லீஸ் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட்ட முகமாக இல்லை. நெடுநேரம் பாரம் சுமந்தவர் இறக்கி வைத்த பிறகும் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். டொம்மா சொன்னார்.

"அவனை நீன்னு கூப்பிட்டதா என்னைக் காப்பாத்துச்சு?" என்றார் மார்லீஸ். "ஒவ்வொரு தடவையும் வாய் கூசும் எனக்கு. எங்கம்மா அப்படி வளக்கல."

ஹாயோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மார்லீஸ் அவரைப் பார்த்தார். கோபமில்லாத பார்வைதான், ஆனாலும் ஹாயோ நிறுத்திவிட்டார்.

"கதவை நான் அடைக்கலன்னு ஆயிடுச்சு. சரி. நான் குடுத்த புகார் என்னாச்சு?"

அதை யாரும் விசாரிக்கவில்லை. போலீஸுக்கு அது வெறும் காரணம். ஆல்ரிக்ஸுக்கு அது கையில் கிடைத்த கயிறு. டொம்மாவேகூட இரண்டு நாளாக அதை ஒரு தடயமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்ரிக்ஸ் இருந்த மாடியில் இனி வேறொருவர் வந்து உட்காருவார், அவரிடம் மறுபடி கொடுக்கலாம் என்று அவர் உள்ளபடி சொன்னார்.

"மறுபடி முதல்ல இருந்து," என்றார் மார்லீஸ். "அதே கூடம். அதே ஆளுங்க. இப்போ, டெட்லெஃப் விரலு போனதுக்கும் நான்தான்னு மனசுக்குள்ள வேற வச்சிருப்பாங்க."

டொம்மா ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். ஹாயோவையும் உட்காரச் சொன்னார். இந்தக் கேள்விக்கு அவருக்கு யாரும் கூலி கொடுக்கப்போவதில்லை.

"சொல்லுங்க, ஒடமெட்டே மேடம். முதல் நாள்ல இருந்து."

மார்லீஸ் மேசைவிரிப்பின் கோடொன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கேட்கும் ஆள் எழுந்து போய்விடமாட்டார் என்று நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தது போல் இருந்தது. கீழே டிராபிக் இரைச்சல் ஏறி இறங்கியது.

"முதல் நாள் தலைமுடிக்குப் போடற வலை கேட்டேன்," என்றார். "'உன் மண்டை முடிக்கு வலை பத்தாதே, மீன் வலைதான் போடணும்'னான் ஒருத்தன். கூடமே சிரிச்சுச்சு." அவர் விரல் நின்றது. "நானும் சிரிச்சேன்."